பீலிக்குக் கட்டிய பாவாடை

தை மாதம் முடிகிற நேரத்தில் இறப்பர் மரங்களுக்கு ஒரு மனம் வரும். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கைவிரித்துக் கொட்டிவிட வேண்டும் என்கிற மனம். பச்சையாக நின்ற மலை செம்பு நிறமாகும், பிறகு மஞ்சளாகும். ஒரு காற்று வந்தால் போதும், மேலே யாரோ உட்கார்ந்து அர்ச்சனை செய்வதுபோல இலை இலையாக இறங்கும். கேகாலைக்கு மேலே அந்தத் தோட்டத்துக்கு விருந்தாளியாக வருகிறவர்கள் அதை வாய் பிளந்து பார்ப்பார்கள். ஜீவராணி மட்டும் மரத்தைப் பார்க்க மாட்டாள். தன் வீட்டுக் கூரையோரம் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலியைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். அந்த அர்ச்சனையில் பாதி விழுவது அதற்குள்தான்.

லயத்து ஒற்றை அறைக் காம்பிராவை விட்டு அவர்கள் இந்த இரட்டை வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் பால் வெட்டுகிற ஜீவராணியும், ஸ்டோரில் இறப்பர் சீட்டுகளுக்குப் புகை போடுகிற அவள் புருஷன் விஜேந்திரனும். அந்தப் பக்கம் சுந்தரலிங்கமும் அவர் மனைவி இராஜகுமாரியும். சுவர் மெல்லியது. இங்கே தும்மினால் அங்கேயிருந்து “நூறு வயசு!” என்று குரல் வரும்.

முன்கூரை ஓரமாக இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தகரப் பீலி ஓடியது. இரண்டு பக்கத்து மழையும் நடுவிலுள்ள குழாயில் இறங்கி, ஒரே நீலப் பீப்பாவில் விழும். மாசி, பங்குனியில் தோட்டத்துக் குழாய் இருமும், துப்பும், தண்ணீர் மட்டும் தராது. பள்ளத்து ஊற்றுக்குக் குடத்தோடு இறங்கி ஏறினால் முழங்கால் இரண்டு நாளைக்குப் பேசிக்கொண்டே இருக்கும். அதனால் கோடையில் எப்போதாவது வருகிற இடிமழை அந்தப் பீப்பாவுக்குப் பெரிய வரம். வரம் வரும்போது பீலி முழுக்க இலை அடைத்திருந்தால் என்ன செய்வது? யாராவது ஏணி வைத்து ஏறித்தான் அள்ள வேண்டும்.

போன வருடம் அப்படி ஏறிய விஜேந்திரன், ஏணியோடு சேர்ந்து இறங்கினான். மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டு, ஆறியும் விட்டது. ஜீவராணிக்கு ஆறாமல் இருந்தது அந்தச் சத்தம்தான். ஏணி சுவரை உரசிக்கொண்டு வந்த சத்தம், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லாத ஒரு கணம். அந்தக் கணத்தில் அவள் முருகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அவனும் கொடுத்தான். கேட்டு வாங்கியதை மறுபடியும் ஏணியில் ஏற்றி வைப்பது நன்றிகெட்ட வேலை என்று அவள் நினைத்தாள்.

“இந்த வருஷம் நீங்க ஏறக் கூடாது,” என்றாள், தேநீரைக் கொடுத்துக்கொண்டே.

“அப்ப யாரு ஏறுவா? பலாங்கொடையிலருந்து ஒங்கப்பா வருவாரா?”

“பீலிக்கு மேல ஏதாச்சும் மூடி போட்டுருவோங்க. எல உள்ள விழாத மாதிரி.”

“மூடி போட்டா மழையும் உள்ள விழாது. மூடி வைக்கிறதுக்கு எதுக்கு ஒரு பீலி?”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுந்தரலிங்கத்தின் குரல் எழுந்தது. “சரியாச் சொன்னீங்க தம்பி! பீலிக்கு ஒரு தொப்பி, பீப்பாவுக்கு ஒரு சப்பாத்து. அப்புறம் கூரை நனையாம இருக்க ஒரு கொடையும் வாங்கிப்போம்!”

“அண்ணே, ஒங்கள யாரு கேட்டா? நீங்க தேத்தண்ணியக் குடிங்க!” என்று ஜீவராணி சுவரைப் பார்த்துக் கத்தினாள். சுவர் சிரித்தது.

ஆனாலும் அவள் விடவில்லை. அந்த வருடம் சமாதானம் வருகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. கேகாலைப் பாதையிலிருந்த சோதனைத் தடையில் ஆட்களை இறக்கி அடையாள அட்டை பார்க்காமல் பஸ் நேராகப் போன முதல் ஞாயிறு அது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கெல்லாம், சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்றில்லாமல், காரணம் சொல்லத் தெரியாத ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே ஜீவராணி ஜாபிரின் சாமான் கடைக்குள் நுழைந்தாள். ஆணி முதல் தண்ணீர்த் தொட்டி வரை விற்கிற ஜாபிர் பொய் சொல்லத் தெரியாத வியாபாரி.

“கம்பி வல இரிக்கி தங்கச்சி,” என்றார் அவர். “பெரிய கண்ணு வலையப் போட்டா எலக்காம்பு உள்ள பூந்துரும். சின்னக் கண்ணப் போட்டா எல மேல பாய் மாதிரி படுத்துக்கும். எதப் போட்டாலும் கூட்டத்தான் வேணும். வேல இல்லன்னு சொல்லி விக்க எனக்கு ஏலா.”

“அப்ப போட்டும் பிரயோசனம் இல்லியா ஜாபிர் நானா?”

“பிரயோசனம் இல்லன்னு நான் சொல்லல்ல. வேல இரிக்கின்னுதான் சொன்னன்.”

கூட்டுவதென்றால் மறுபடியும் ஏறுவதுதானே என்று அவள் வெறுங்கையோடு திரும்பிவிட்டாள்.

மரங்கள் துளிர்விட்ட பிறகு, பெருமழைக்கு முன்னால், தோட்டத்தில் மரங்களுக்கு மழைமறைப்பு கட்டுகிற வேலை தொடங்கும். தோட்டத்துப் புத்தகத்தில் அதற்கு ரெயின்காட் என்று பெயர். பெண்களுக்கு அது பாவாடை. மரத்தின் இடுப்பில் தார் பூசி, பொலித்தீனைச் சுருக்கம் வைத்துச் சுற்றி ஒட்டுவார்கள். மரத்தில் வழிந்து வருகிற மழை பாவாடையின் விளிம்பில் சொட்டி விலகிப் போகும், கீழே சிரட்டையில் விழுகிற பால் கெடாது. ஆனால் விளிம்பு கொஞ்சம் உள்ளே மடங்கிவிட்டால் போச்சு. தண்ணீர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாகவே ஊர்ந்து போய்ச் சிரட்டையில் விழும். அதற்காகக் கங்காணியிடம் ஏச்சு வாங்காத ஆளே அந்தத் தோட்டத்தில் இல்லை. அன்றைக்கு ஏச்சு வாங்கியது ஜீவராணி.

“எத்தன தரம் சொல்றது? மடிச்சா தண்ணி உள்ள போகும்னு தெரியாது? … என்னா, ஏசுறேன், சிரிக்கிற?”

“இல்லீங்க, இன்னும் ரெண்டு ஏச்சு ஏசுங்க,” என்றாள் அவள். அவள் மனம் வீட்டுக் கூரைக்குப் போய்விட்டிருந்தது. விளிம்பை மடித்தால் தண்ணீர் உள்ளே போகும். இலைக்கு அப்படி ஊரத் தெரியாது, அது வழுக்கி வெளியேதான் விழும். பீலிக்கு ஒரு பாவாடை கட்டி, விளிம்பை வேண்டுமென்றே உள்ளே மடித்துவிட்டால்? மரத்தில் செய்தால் பிழை, வீட்டில் செய்தால் வழி!

கழித்துப் போட்ட பொலித்தீன் துண்டுகளையும் தார்வாளியில் ஒட்டியிருந்ததையும் கங்காணியிடம் கேட்டே வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை விஜேந்திரன் ஸ்டோருக்குப் போன பிறகு, இராஜகுமாரி ஏணியைப் பிடிக்க, தானே ஏறினாள். தன் பக்கத்துப் பீலியிலிருந்த இலையை அள்ளிப் போட்டுவிட்டு, கூரையிலிருந்து பீலியின் வெளிவிளிம்பு வரை பொலித்தீனைச் சரித்து ஒட்டி, நுனியை அழகாக உள்ளே மடித்தாள். வேலை முடிகிற நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“யாரு அது மேல?”

“ஒங்க பொண்டாட்டிதான். கத்தாதீங்க, ஏணி ஆடும்.”

“நான் ஏறக் கூடாது, நீ மட்டும் ஏறலாமோ?”

“நீங்க நெட்ட, விழுந்தா ஒசரம் ஜாஸ்தி. நான் குட்டதானே.”

விஜேந்திரன் இராஜகுமாரியை விலக்கிவிட்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சாலும் அழுத்திக்கொண்டு நின்றான். அவள் பாதங்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. புகைக்கூட்டுச் சூடு என்று அவள் நினைத்தாள்.

“சோதிச்சுப் பாத்துருவோம்,” என்று இராஜகுமாரி ஒரு செம்புத் தண்ணீரும் கைநிறையக் காய்ந்த இலையும் எட்டிக் கொடுத்தாள். ஜீவராணி இலையைக் கூரையில் தூவித் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். இலைகள் வழுக்கி வந்து விஜேந்திரனின் தலையில் விழுந்தன. தண்ணீரோ விளிம்பைப் பிடித்து, வளைந்து, பீலிக்குள் ஓடி, நடுக்குழாயில் இறங்கிப் பீப்பாவில் சொட்டியது.

“அடி ஆத்தே! சொன்ன பேச்சு கேக்குது தங்கச்சி!” என்று இராஜகுமாரி கைதட்டினாள்.

சுந்தரலிங்கம் வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். “செம்புத் தண்ணி சொன்ன பேச்சு கேக்கும். வானத்துத் தண்ணி கேக்குமா? என் பக்கத்துக்கு வேணாம். என் பீலி பொறந்த மேனியாவே இருக்கட்டும்.”

ஆக, பாதிப் பீலி பாவாடையோடும் பாதிப் பீலி இலையோடும் மழைக்குக் காத்திருந்தது.

மழை பின்நேரத்தில் வந்தது. முதலில் மலைக்கு அந்தப் பக்கம் உருட்டியது, பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. ஜீவராணி பீப்பாவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைபோல நெஞ்சு அடித்தது.

வானத்துத் தண்ணீருக்கு மடிப்பும் தெரியவில்லை, வளைவும் தெரியவில்லை. கூரையில் ஓடி வந்த வேகத்தில் பாவாடையை ஒரே தாவலாகத் தாண்டி, வாசல் முழுக்க வெள்ளைத் திரைபோல விழுந்தது. நடுக்குழாயிலிருந்து பீப்பாவுக்கு வந்தது சளிபிடித்த குழந்தையின் மூக்கில் வருகிற அளவுதான்.

“நான் சொன்னேன்ல!” என்று சுந்தரலிங்கம் வெற்றியோடு தன் வாசலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து, அவர் பக்கத்துப் பீலி இலையடைத்து நிரம்பி, ஊறிய கறுப்பு இலையும் தண்ணீருமாக அவர் உச்சந்தலையிலேயே கவிழ்ந்தது.

இராஜகுமாரி சிரித்த சிரிப்பில் இடியே கொஞ்சம் தள்ளி நின்றிருக்கும். “குளிங்கன்னா தண்ணி இல்லம்பீங்க! இப்ப சாமியே குளிப்பாட்டிருச்சு, பாத்தீங்களா!”

எல்லோரும் சிரித்தார்கள். விஜேந்திரன் மட்டும் பீலியைச் சரிசெய்ய ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தினான். ஜீவராணி திரும்பிப் பார்த்தபோது அவன் வலதுகால் முதல் படியில் இருந்தது. இடதுகால் தரையை விட்டு வரவில்லை. எக்கினான், மறுபடியும் எக்கினான், கால் மண்ணிலேயே நின்றது.

அவளுக்குள் என்னவோ ஒன்று இளகியது. கிட்டப் போய், எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னாள்: “ஏணிய எதுக்கு இப்ப எடுக்குறீங்க? கொட்டுற தண்ணியப் பிடிக்க ஆளில்லாம நிக்கிது! அண்டாவத் தூக்குங்க, வாங்க!”

அவன் ஏணியை விட்டான். விட்ட வேகத்திலேயே தெரிந்தது, அது எவ்வளவு கனமாக இருந்தது என்று.

பிறகு நடந்தது ஒரு திருவிழா. அண்டா, குண்டான், குடம், பால்வாளி, பேசின், ஊறுகாய்ச் சாடி என்று இரண்டு வீட்டிலும் வாய் திறந்திருந்த பாத்திரமெல்லாம் அந்த வெள்ளைத் திரைக்கு அடியில் வரிசையாக வந்து உட்கார்ந்தது. நிரம்பியதைத் தூக்கிப் பீப்பாவில் ஊற்ற ஒருவர், வெறுமையானதை வைக்க ஒருவர். “அண்ணே, ஒங்க வாளி வழியுது!” “தங்கச்சி, அந்தச் சட்டிய இப்பிடித் தள்ளு!” மேல் வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு குடத்தோடு ஓடிவந்தார்கள். ஜீவராணி வீட்டில் அருவி கொட்டுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லை. வானத்திலிருந்து வந்ததை வேண்டாமென்று சொல்ல அவள் யார்?

நாம் சரியாகச் செய்ததைக் கடவுள் நிறைத்துக் கொடுப்பது பெரிதில்லை. நம்முடைய பிழைக்கு அடியிலும் ஒரு பாத்திரத்தை வைத்து நிறைத்துக் கொடுக்கிறார் பாருங்கள், அதுதான் அவர் குணம்.

மழை விட்டது. ஈரத் தலையோடு அடுப்படியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது, விஜேந்திரன் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

“நீ பாத்துட்டல்ல?”

“என்னத்த?”

“கால. போன வருஷத்துலருந்தே அப்பிடித்தான் ராணி. முதல் படிக்கு மேல போக மாட்டேங்குது.”

“அப்ப ஏங்க மூடி வேணாம்னு சண்ட போட்டீங்க?”

“மூடி போட்டா ஏன்னு கேப்பாங்கல்ல? கோயில் தேரு உச்சியில ஏறித் தோரணம் கட்டுனவனுக்கு வீட்டு ஏணி பயமாம்னு சிரிப்பாங்க. இன்னொண்ணு சொல்லவா? அன்னிக்கு நீ மேல நின்னியே, அந்தப் பயத்துக்கு முன்னால இது ஒண்ணுமே இல்ல.”

ஜீவராணி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முறிந்து பொருந்திய இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. “ரெண்டு பேருமே ஏற வேணாம்,” என்றாள். “பீப்பா காஞ்சா காயட்டும். ஊத்துக்குப் போவோம்.”

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எப்போதும் நடுவில் விழுகிற குரல் இன்றைக்கு விழவில்லை. யாரோ மிக மெதுவாக ஒரு கோப்பையைக் கீழே வைத்த ஓசை மட்டும் கேட்டது.

அடுத்த ஞாயிறு காலை சுந்தரலிங்கம் வாசலில் வந்து நின்றார். ஒரு தோளில் கயிறு, மறு தோளில் ஜாபிர் கடைக் கம்பிவலைச் சுருள்.

“தங்கச்சி, அந்தப் பாவாடைய அவுத்துருவோம். ரெண்டு பக்கத்துக்கும் வல போடுறோம். தலையில விழுந்ததுல புத்தி வந்துருச்சு. ஆனா ஒண்ணு, மேல நான்தான் ஏறுவேன்.”

“நீங்களா?” இராஜகுமாரி வாயில் கைவைத்தாள். “கட்டிலுக்கு மேல ஏறி நொளம்பு கடிக்காம வல கட்டச் சொன்னாலே தல சுத்துதும்பீங்களே!”

“நீ சும்மா இரு! வல அளவு எனக்குத்தான் தெரியும். ஏணியப் பிடிக்கத்தான் ஒரு பலமான ஆளு வேணும், அதுக்கு விஜேந்திரன் தம்பியத் தவிர இந்தத் தோட்டத்துல யாரு இருக்கா? அவரு பிடிச்சாத்தான் நான் ஏறுவேன். இல்லேன்னா வலையக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் போட்டுருவேன்.”

ஜீவராணி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார். கேட்டதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் ஒரு பெரிய மனது வேண்டும். கோயிலுக்குக் கொடுக்கிற காணிக்கைக்குப் பெயர் எழுதி வைப்பார்கள். இந்த மாதிரிக் காணிக்கையைக் கடவுள் மட்டும்தான் குறித்துக்கொள்வார்.

ஏணியை வாசல் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். சுந்தரலிங்கம் ஏறினார். படிக்குப் படி “முருகா”. படிக்குப் படி ஒரு கேள்வி.

“தம்பி, பிடிச்சிருக்கீங்களா?”

“பிடிச்சிருக்கேண்ணே.”

“இப்பயும் பிடிச்சிருக்கீங்களா?”

“பிடிச்சிருக்கேண்ணே. பயமா இருந்தா எறங்குங்க.”

“பயந்தான்! அதுக்கு என்னா செய்ய? அதையும் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் ஏறுறேன். அதான் ஏணி இந்த முனகு முனகுது!”

விஜேந்திரன் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு வருடமாக ஏணியைப் பார்த்தாலே இறுகிப் போகிற முகம் அது. சிரித்தாலும் அவன் பிடி தளரவில்லை.

சுந்தரலிங்கம் பாவாடையை உரித்துவிட்டு, தன் பக்கத்துச் சேற்றை வழித்துப் போட்டு, இரண்டு பக்கமும் கூரையிலிருந்து வெளிவிளிம்புக்கு வலையைச் சரிவாக விரித்து, கம்பியால் கட்டி முடித்தார். இறங்கி வந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சரி, போட்டாச்சு. எல வலைக்கு மேல படுக்குமே, அத யாரு கூட்டுறது?” என்றாள் இராஜகுமாரி. அவளே சுற்றுமுற்றும் பார்த்தாள். வேலியோரம் கிடந்த நீள மூங்கிலின் நுனியில் விளக்குமாற்றை இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலிருந்தே எட்டி வலையின் மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். கூரையிலிருந்து சறுக்கி வந்து ஒட்டிக்கொண்டிருந்த இலைகள் பொலபொலவென்று கொட்டின. “எட்டுது பாருங்க!”

ஜீவராணிக்கு அப்போதுதான் ஜாபிர் சொன்னது முழுதாக விளங்கியது. இத்தனை நாளும் இலை பீலிக்குள் கிடந்து ஊறிச் சேறானதால்தான் ஏறிக் கையால் அள்ள வேண்டியிருந்தது. வலைக்கு மேல் கிடக்கிற இலை காய்ந்துதான் கிடக்கும். பாதியைக் காற்றே கொண்டுபோகும், மீதிக்கு மூங்கில் போதும். வேலை ஒழியவில்லை. மேலே இருந்த வேலை தரைக்கு இறங்கி வந்துவிட்டது.

அடுத்த மழை பெரியதுதான். கொஞ்சம் வலைக்கு மேலாலும் வழிந்தது. ஆனாலும் நடுக்குழாய் தொண்டையைச் செருமிக்கொண்டு பீப்பாவை விளிம்புவரை நிறைத்தது.

மறு வருடம் தை முடிந்து மலை மறுபடியும் செம்பு நிறமானபோது, மேல் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அண்ணாந்து பார்த்தார்கள். “இது போடுறது பிரயோசனமா அண்ணே?” என்று கேட்டார்கள்.

சுந்தரலிங்கம் கைகட்டி விளக்கம் சொன்னார். “பாருங்க, பொய் சொல்லக் கூடாது. தினம் கூட்டணும். காம்பு சிக்கும். வருஷத்துக்கு ஒருக்கா குழாய் வாயப் பாக்க நான் ஏறணும், தம்பி பிடிக்கணும். பெருமழைக்குக் கொஞ்சம் வீணாப் போகும்…”

“அப்ப வேணாங்கறீங்களா?”

அவர் ஜீவராணியைப் பார்த்தார். அவள் வாசலைக் காட்டினாள். அங்கே விஜேந்திரன் மூங்கிலோடு நின்று வலையைக் கூட்டிக்கொண்டிருந்தான். தலையிலும் தோளிலும் மஞ்சள் இலைகள். வாயில் ஏதோ ஒரு பாட்டு.

“அந்தா, ரெண்டு காலும் தரையில இருக்கு பாருங்க,” என்றாள் அவள். “அதுக்காகவே போடலாம்.”

காற்று அடித்தது. மலை மறுபடியும் அர்ச்சனையைத் தொடங்கியது. “இன்னும் போடு, போடு!” என்று விஜேந்திரன் மரங்களைப் பார்த்துச் சத்தம் போட்டான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, இராஜகுமாரி தும்மினாள்.

“நூறு வயசு!” என்று இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு குரல் ஒன்றாக எழுந்தது.